வெள்ளிக்கிழமைக் குரங்குகள்

மலேசியாவின் கிள்ளான் சதுப்புக்காட்டு மரத்தில் ஆராய்ச்சிக்காகத் தாமரை கட்டிய கேமராவில் மற்ற நாள்களில் ஒரு குரங்குகூடச் சிக்காது. வெள்ளிக்கிழமையானால் கூட்டமே நிற்கும்.

“யாருமே கண்டுபிடிக்காத பழக்கம் லா! மாநாட்டுல நீதான் பேசுற” என்று குதித்தார் பேராசிரியர் கிரிகரி.

முதல் நாள் துணைக்கு வந்து, கேமரா கட்டியதை வேடிக்கை பார்த்த அம்மாவுக்கும் பூரிப்பு.

காரணமும் தெரிந்தால் நல்லதென்று, எதிர்மரத்தில் இன்னொரு கேமராவை ஒளித்துவைத்தாள் தாமரை.

சனிக்கிழமை அவளும் கிரிகரியும் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். முதல் கேமராவுக்குப் பின்புறம் யாரோ ஓர் அம்மாள், முக்காடு போட்டபடி, வாழைப்பழச் சீப்பைப் படைத்து, கேமராவுக்குச் சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“யார் இது?” என்றார் கிரிகரி.

தாமரையின் போன் அடித்தது. எடுத்ததும் அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“ரிசல்ட் நல்லா வந்துச்சாடி? இந்த வாரம் ரெண்டு சீப்பு வச்சேன்!”