கழற்றத் தெரிந்த மாப்பிள்ளை

அந்த ஊரில் எல்லாருக்கும் ஒரே வேலை, நட்டு முடுக்குவது. கழற்றும் பழக்கத்தைக் கையிலிருந்தே அழித்துவிட்டால் உற்பத்தி இரட்டிப்பாகும் என்று கம்பெனிக்காரர்கள் கோடிகோடியாய்க் கொட்டி ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். அழித்தும்விட்டார்கள். அதனால் போன கோடையில் கோமளா போட்டு மூடிய மாங்காய் ஊறுகாய் மூடியபடியே கிடந்தது.

அவள் மகள் சுடரைப் பெண் பார்க்க அம்மாவோடு வந்த தணிகை, கழற்றும் வேலை மட்டுமே நடக்கும் பக்கத்து ஊர்க்காரன். பேச்சுவாக்கில் ஊறுகாய் பாட்டிலை எடுத்துத் திருகினான், திறந்துகொண்டது.

கோமளாவுக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவே பாட்டிலும் டப்பாவுமாக வாசலில் நின்றது. தணிகை சளைக்காமல் திறந்து தள்ளினான். வீடெல்லாம் ஊறுகாயும் வெல்லமுமாக வாசனை.

பின்னாலேயே எறும்பும் சாரைசாரையாக வந்தது. தணிகை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான்.

"எனக்கு மூடத் தெரியாதுங்க அத்தை."

உள்ளேயிருந்து சுடர் வந்தாள். மூடியை வாங்கி ஒரே முடுக்காக முடுக்கிவிட்டு, அடுத்த பாட்டிலுக்குக் கை நீட்டினாள்.

கோமளா அவன் அம்மாவிடம் சொன்னாள்: "ஜாதகம் கிடக்கட்டும் சம்பந்தி. தட்டை மாத்திக்கலாம்."

வாசலில் பாட்டிலோடு நின்ற ஒருத்தி தலையை நீட்டினாள்.

"மாப்பிள்ளைக்குத் தம்பி யாராச்சும் இருக்காங்களா?"