எத்தனாவது ஸ்டாண்டர்டு?

“என்னத்தா பண்ணிக்கிட்டிருக்க?” ஸ்பீக்கரில் அய்யாவின் குரல்.

“ஸ்டாண்டர்டு சரிபாக்குறேன்யா,” என்றாள் யுவராணி.

இறந்தவர் ரத்தத்தில் இருப்பது எந்தப் பூச்சிமருந்து என்று ஒப்பிட்டுச் சொல்ல, ஆய்வகத்தில் ஓர் அசல் மருந்து வேண்டும். அதுதான் ஸ்டாண்டர்டு. அந்த அசலே அசல்தானா என்று புற ஊதா ஒளியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தனாவது ஸ்டாண்டர்டு?”

பக்கத்து மேசை இமானுவேல் சிரிப்பை அடக்கினார்.

“எட்டாவதுய்யா.”

“ஏ நாகலெட்சுமி, எட்டாவது பேப்பரு திருத்துறாளாம்!”

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். “எட்டாவதுல ஒங்கண்ணன் காளிதாஸ் கணக்குல நூறு வாங்கிட்டு, பரமக்குடி பஸ்சுல வழிபூரா பேப்பர ஆட்டிக்கிட்டே வந்தான். அப்படி எவனும் இருக்கானாடி?”

“இருக்கான்மா.”

போனை வைத்ததும் இமானுவேல் கேட்டார். “நீங்க டீச்சர்னுதான் அய்யா இன்னும் நெனச்சுக்கிட்டிருக்காரா?”

அவள் பதில் சொல்வதற்குள் மறுபடி அய்யா. இப்போது குரல் தணிந்திருந்தது. பின்னால் பம்புசெட் ஓடியது.

“வயலுக்கு வந்துட்டேன்த்தா. மருந்துங்கிற பேச்சு காதுல விழுந்தாலே அம்மாவுக்கு அன்னைக்குப் பூரா சோறு எறங்காது. மருந்து அசல்தானா?”

திரையில் வளைவின் உச்சி உரிய இடத்தில் நின்றது.

“அசல்தான்யா.”

“காளிதாஸ் ரத்தத்தப் பாத்தப்பயும் இம்புட்டுக் கவனமாப் பாத்திருப்பாகளா?”

“பாத்திருப்பாகய்யா.”

அய்யா பம்புசெட்டை நிறுத்தும் சத்தம் கேட்டது.

“சரித்தா. நாளைக்கு ஒம்பதாவதுன்னு சொல்லு. அதுலயும் அவன் நூறுதான்.”