இந்த வருசம் இல்லை

“திருநீறு பூசுற ஆளுக்கு எங்கடை தேவ அழைத்தலைப் பற்றி என்ன தெரியும்?”

குருநகர் கோயில் முற்றத்தில், பூசை முடிந்து நின்ற சனத்துக்கு நடுவே யசிந்தா இப்படிக் கேட்டாள்.

அவளுடைய ஒரே மகன் கொன்ஸ்ரனைக் குருமடத்தில் சேர்க்கவில்லை. குருவாக விரும்பி வருகிறவர்களை இப்போதெல்லாம் மனநல டொக்டரிடம் அனுப்பிப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். கொக்குவிலில் இருக்கிற சைவக்கார ஜெயகௌரி டொக்டர் அவனோடு இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டு, குருமட அதிபருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அதிபர் தாயையும் மகனையும் கூப்பிட்டு, “இந்த வருசம் இல்லை” என்று மட்டும் சொன்னார்.

குடி இல்லை, சண்டை இல்லை, ஒருநாள் பூசை தவறவிட்டதில்லை. இவனில் என்ன குறையைக் கண்டாவாம் என்று ஊர் கேட்டது.

டொக்டரிடம் மட்டும் கொன்ஸ்ரன் ஒரு கனவைச் சொல்லியிருந்தான்.

கடல் வற்றிக் கிடக்கிறது. முழங்காலளவு தண்ணீரில், தோளில் வலையோடு அப்பா முன்னால் நடக்கிறார். எல்லாம் ஒரே வெள்ளை, கரை தெரியவில்லை. எங்கேயோ கோயில் மணி அடிக்கிறது. அப்பா திரும்பிப் பாராமலே “வா மோனே” என்கிறார். இவன் நடக்க நடக்க அவர் தூரமாகிக்கொண்டே போகிறார்.

“உங்களைக் குருவாக வரச்சொல்லிக் கூப்பிடுறது ஆர், தம்பி?” என்று டொக்டர் கேட்டார்.

“அப்பாதான், டொக்டர். நான் குருவானால் அவரின்ரை ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைப்பன். இன்னும் ஒருத்தரும் வைக்கேல்லை.”

அப்பா சூசைதாசன் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது அவனுக்கு ஏழு வயது. உடல் கிடைக்கவில்லை. இந்தியக் கரையில் ஒதுங்கியிருப்பார், வருவார் என்று யசிந்தா பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நவம்பரில் இறந்தவர்களின் பெயர்களைக் கோயிலில் வாசிக்கும்போது, அவருடைய பெயரைச் சேர்க்க அவள் விட்டதேயில்லை.

அந்த வருடம் கொன்ஸ்ரன் மாமாவோடு கடற்றொழிலுக்குப் போனான். பங்குத்தந்தை பின்னேரங்களில் யசிந்தா வீட்டுக்கு வரத் தொடங்கினார். முதலில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். பிறகு சூசைதாசனைப் பற்றி விசாரிப்பார். அவள் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒருநாள், “நல்ல மனுசனாய் இருந்தவர், ஃபாதர்” என்று வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. பொழுதுபடும்வரை அழுதாள்.

நவம்பரில், தூறல் மழையில், சூசைதாசனின் சேட்டொன்றையும் செபமாலையையும் சின்னப் பெட்டியில் வைத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். முதல் பிடி மண்ணைக் கொன்ஸ்ரன் போட்டான். அதற்குப் பிறகு அந்தக் கனவு அவனுக்கு வரவில்லை.

அடுத்த வருடம் அவன் தானாகவே திரும்ப விண்ணப்பித்தான். இந்தமுறை டொக்டரிடம் அனுப்பாமலே எடுத்துக்கொண்டார்கள்.

மகனைக் குருமடத்தில் கொண்டுபோய் விட்ட அன்று யசிந்தாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“போன வருசம் உவனிலை பிழை பிடிச்ச அந்த டொக்டரிட்டை இந்தமுறை ஏன் ஃபாதர் அனுப்பேல்லை?”

அதிபர் கொன்ஸ்ரனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான். அவர் மேசை லாச்சியைத் திறந்து, பழைய கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

‘இவரில் குறை ஒன்றும் இல்லை. தாயார் மனம் ஆயத்தமானதும், இவருடைய தகப்பனாரை அடக்கம் செய்யுங்கள். பிறகும் குருவாக வேண்டும் என்று வந்தால், என்னிடம் அனுப்பாமலே சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்தத் தாயின் கோபம் என்மீது இருக்கட்டும்.’