நித்திரை

“எழும்பும் உபதேசியாரே. கோயில் மணி அடிச்சாச்சு. மயிலாடியிலருந்து உம்ம அண்ணனும் வந்தாச்சு. சனங்க எல்லாம் காத்து நிக்காவ” என்றார் மூப்பர் மாசிலாமணி.

மிஷன் துரை கொடுத்த கிரேக்க அகராதியிலிருந்து உபதேசியார் ஞானாபரணம் தலை நிமிரவில்லை.

“பொறும் ஓய். செத்தாலும் நித்திரை, தூங்கினாலும் நித்திரைன்னு தமிழ்ல ஒத்த வார்த்தையாப் போட்டு வச்சிருக்கு. கிரேக்கத்துல அது ரெண்டு வார்த்தை. செத்துட்டான்னு எல்லாரும் அழுதப்ப இயேசு எழுப்புன யவீருக்க மகளுக்குப் போட்டிருக்கது வெறும் தூக்கத்துக்கு உள்ள வார்த்தையாக்கும். அந்தப் பிள்ள சாகவே இல்ல!”

மூப்பர் அவர் தோளைத் தொட்டார். “நீரு சொன்னா சரியாத்தான் இருக்கும். நேரமாவுது, வாரும்.”

“பிள்ள முழிக்கட்டு. அவளையும் கூட்டிட்டு வாறேன்.”

காய்ச்சலில் போன மகளின் சவப்பெட்டியிலிருந்து, ஞானாபரணம் மறுபடியும் மூடியை எடுத்துச் சுவரில் சாத்தினார்.