முழு டேப்

"கூண்டு நீளம் நாலு அடி இருக்கணும். ஒரு அங்குலம் குறைஞ்சாலும் பறவை எங்களோட வந்துடும்" என்றார் அதிகாரி, வாசலில் நின்றபடியே.

அவருக்கு ஊருக்குள் பெயரே 'அங்குலம்'தான். போன வாரம் அடுத்த தெருவில், ஒரே ஒரு அங்குலம் குறைந்ததற்காக ஒரு ஜோடிக் கிளியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர். அழுது பார்த்தும் மனுஷன் மசியவில்லையாம்.

தையல்காரி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவள் கூண்டு மூன்றரை அடி. பழைய சட்டத்துக்கு அது போதும். புதுச் சட்டத்துக்குக் கூண்டு வாங்கினால், தையல் மிஷினைத் தெருவில்தான் போட வேண்டும். அவ்வளவு பெரிய அறை!

சாம்பல் கிளி கவலையில்லாமல் மிஷின் மேல் நடந்துகொண்டிருந்தது. "ரெண்டு நாள் பார்த்துக்குங்க" என்று மாடியில் இருந்தவர் விட்டுப்போனது. ஆறு வருஷமாகிறது. தைத்த துணியை வாங்க வராதவர்கள் உண்டு. கிளியை வாங்க வராதவர் இவர் ஒருவர்தான். இனி வராமலே இருக்கட்டும் என்று அவள் வேண்டிக்கொள்கிறாள். அந்த வீட்டில் அவளோடு பேச வேறு ஆளில்லை.

கிளி அதிகாரியைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது.

"நாளைக்குக் கண்டிப்பா!"

"என்ன சொல்லுது?"

"துணி கேட்டு வர்றவங்ககிட்ட நான் சொல்றது சார்..." அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தார். இறக்கையைப் பார்த்தார். கூண்டுக் கதவை ஆட்டினார்.

"பூட்டு எங்கேம்மா?"

போச்சு, இது வேறா!

"பூட்டே வாங்கலை சார். கதவு திறந்தேதான் இருக்கும். தூக்கம் வந்தா அதுவா உள்ளே போயிடும்."

"ம்" என்றவர் வலது பையிலிருந்து டேப்பை எடுத்தார். முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாப்பத்தெட்டு. சரியா நாலு அடி."

முத்திரை குத்தி அனுமதிச் சீட்டை நீட்டினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் டேப்பைச் சுருட்டும்போதுதான் பார்த்தாள். முனையில் ஏழு என்று இருந்தது. அதற்கு முந்தைய எண் ஒன்றையும் காணோம்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கிளி அவளுக்கு. ஆனால் நாளைக்கே மேலதிகாரி யாராவது வந்து அளந்தால், இந்த மனுஷனின் வேலைக்கல்லவா உலை? ஊரில் பாதிப் பேரிடம் கூசாமல் பொய் சொன்னவளுக்கு இதை மட்டும் மறைக்க மனசு வரவில்லை.

"சார்... உங்க டேப்புல முதல் ஆறு அங்குலம் இல்லை. பிஞ்சுபோச்சு போல. என் கூண்டு மூணரை அடிதான் சார்."

கிளியின் பக்கம் பார்க்காமல், கழுத்தில் கிடந்த தன் டேப்பைக் கழற்றி நீட்டினாள்.

"இதை வெச்சுத் திரும்ப அளந்துக்குங்க."

அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

"பிய்யலைம்மா. கத்திரியால வெட்டினது. தையல்காரங்க கண்ணுக்கு இது தெரியலையா?"

"யார் சார் வெட்டினது?"

"நான்தான்."

சொல்லிவிட்டு இடது பையிலிருந்து இன்னொரு டேப்பை எடுத்துக் காட்டினார். அது ஒன்றிலிருந்து ஒழுங்காக ஆரம்பித்தது.

"முழு டேப்பும் வெச்சிருக்கேன். அது பூட்டுப் போட்ட கூண்டுங்களுக்கு."