வலப்பக்கக் கன்ட்ரோல்

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப்புறம், தெப்ராவ் வீட்டு மேசையில், நூல்கண்டுகளின் மேல் நண்பகல் வெயில் விழுகிறது. சந்திரமதியின் பழைய எம்பிராய்டரி மென்பொருளுக்காக, கணவன் ஹேமநாதன் மடிக்கணினித் திரைக்குள்ளேயே இன்னொரு மெய்நிகர் கணினியை அமைத்துக் கொடுத்திருக்கிறான். அந்த உள்கணினியின் விளிம்பில் முட்டி முட்டித் திரும்புகிறது மவுஸ் அம்பு. "உள்ளயே மாட்டிக்கிச்சுங்க, வெளிய வரமாட்டேங்குது," என்கிறாள் கைப்பேசியில். சனிக்கிழமைதான் வீடு திரும்புகிறவனின் குரலுக்குப் பின்னால் சிங்கப்பூர் கேன்டீனின் தட்டுச் சத்தம். "ரைட் கன்ட்ரோல அமுக்கு லா. நேத்தும் இதானே சொன்னேன்." அடையாளத்துக்காக அந்த விசைமேல் அவளுடைய ஸ்டிக்கர் பொட்டையே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவனை அழைப்பதற்கு முன்பிருந்தே அவள் விரல் அந்தப் பொட்டைத்தான் தடவிக்கொண்டிருக்கிறது, அமுக்கவில்லை. "வந்துச்சா?" என்கிறான். "இன்னும் வரலீங்க," என்கிறாள்.