உப்பை விரட்டிய அண்ணன் தம்பி

கழிமுகத்தை ஒட்டிய வயலில் ஒரு நெல் வம்சம் வாழ்ந்து வந்தது. உப்பை அதட்டி விரட்டுவதற்கென்றே அதன் உடம்புக்குள் ஒரு மரபணு இருந்தது. எந்தத் தலைமுறையிலோ விதைக்குள் நகல் எடுக்கும்போது பிசகிப்போய், ஒன்று இரண்டாகிவிட்டது. முதலில் இருந்தவன் அண்ணன், அதிகப்படியாக வந்தவன் தம்பி. மரபணுக்கள் ஆயிற்றே, வேர், இலை என்று செடியின் எல்லா இடத்திலும் இருவருமே இருந்தார்கள்.

"நீ தப்பா வந்தவன்டா. இந்த வேலைக்கு நான் ஒருத்தனே போதும்" என்பது அண்ணனின் அன்றாடப் பாட்டு. பாடினானே ஒழிய, வேரில் தம்பி காவல் இருக்கிறான் என்று அங்கே அவன் நிம்மதியாகத் தூங்கப் பழகிவிட்டான். இலையில் அண்ணன் விழித்திருந்ததால் தம்பி அங்கே கண்ணயர்ந்தான். தலைமுறை தலைமுறையாக இப்படியே போயிற்று.

ஓர் ஐப்பசியில் கடல்தண்ணீர் வயலுக்குள் புகுந்தது. அந்த நேரத்திலும் அண்ணன் பழைய பாட்டையே எடுக்க, தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"சரிண்ணே, வேரையும் நீயே பார்த்துக்கோ" என்று வாயை மூடிக்கொண்டான்.

உப்பு வேருக்குள் நுழைந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் பதறி எழுந்து, அதட்டுவதற்கு வாயைத் திறந்தான். ஒரு சொல்லும் வரவில்லை. மேலே இலை நுனிகள் கருகத் தொடங்கின.

"தம்பி," என்றான் தணிந்த குரலில், "இங்கே என்னடா சொல்லி விரட்டணும்?"

தம்பி முதலில் உப்பை விரட்டினான். பிறகுதான் திரும்பினான்.

"நீ சீக்கிரம் இலையைப் பாருண்ணே. அங்கே என்ன சொல்லணும்னு எனக்கும் மறந்துபோச்சு."